வலது இருக்கைக்குக் காத்திருக்கும் ஒருத்தியின் மடல்

இந்திய ஏர்லைன்ஸ் நிறுவனங்களின் பைலட் தேர்வுப் பிரிவினருக்கு,

வணக்கம்.

2025 டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானபோது மதுரையிலிருந்து அத்தை போன் செய்தார். "பைலட்டே பத்தலையாம், டிவியில அதுதான் ஓடுது. உன்னைய இன்னுமா கூப்பிடல?" கமர்ஷியல் பைலட் லைசென்ஸை (சிபிஎல்) கையில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் வீட்டில் இருக்கும் என்னால் அவருக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. பதில் உங்களிடம் இருப்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

பைலட்டுகளின் வாராந்தர ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தும் விதியை விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ 2024 ஜனவரியிலேயே வெளியிட்டுவிட்டது. களைப்போடு யாரும் விமானம் ஓட்டக் கூடாது. அந்த விதி எனக்கு முழுச் சம்மதம். ஓய்வு கூடினால் பைலட்டுகளும் கூடுதலாக வேண்டும்; அதற்காக எத்தனை பேரை எடுக்கப் போகிறீர்கள் என்பதுதான் வெளியே நிற்கும் எங்களுக்குத் தெரியவே இல்லை. "கேப்டனுக்குத்தாம்மா தட்டுப்பாடு, புதுசா வர்றவங்க நிறைய இருக்காங்க" என்று ஒரு மூத்த பைலட் என்னிடம் சொன்னார். அப்படியே இருக்கட்டும். கேப்டனாக வேண்டுமென்றால் ஏடிபிஎல் என்ற மேல்நிலை லைசென்ஸ் வேண்டும், ஏடிபிஎல்லுக்கு 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். எங்களுக்கு சிபிஎல் கிடைப்பது 200 மணி நேரத்தில். இடையில் உள்ள 1,300 மணி நேரத்தை எங்கே போய்ப் பறப்பது? சொந்தக் காசில் செஸ்னா போன்ற சின்னப் பயிற்சி விமானத்தில் பறந்து அது தீராது. பயிற்சிப் பள்ளியில் இன்ஸ்ட்ரக்டராகச் சேரலாம். அதற்கும் தனிப் பயிற்சி, தனிச் செலவு. மற்றபடி உங்கள் விமானத்தின் வலது இருக்கை, அதாவது கோ-பைலட் இருக்கை ஒன்றுதான் வழி.

காத்திருப்பதற்கும் செலவாகிறது. வருடா வருடம் கிளாஸ் 1 மெடிக்கல், வருடா வருடம் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் செக் (வெளியே பார்க்காமல் கருவிகளை வைத்தே ஓட்டும் திறனுக்கான சோதனை). போன முறை செக்குக்காக வடக்கே ஒரு பயிற்சிப் பள்ளிக்குப் போனேன். மூடுபனி விலகவில்லை, விலகிய நாளில் அங்கே படிக்கும் மாணவர்களுக்கே விமானம் போதவில்லை. இரண்டு மணி நேரம்கூடப் பறக்காத ஒரு செக்குக்காகப் பதினோரு நாள் லாட்ஜில் இருந்தேன். பணத்தைவிட என்னை உலுக்கியது வேறு. எட்டு மாத இடைவெளிக்குப் பிறகு இறங்கிய முதல் லேண்டிங்கில் ஓடுபாதைக்கு மேலே உயரத்திலேயே விமானத்தின் மூக்கைத் தூக்கிவிட்டேன். இன்ஸ்ட்ரக்டர் கன்ட்ரோலை வாங்கிக்கொண்டார். தனியாகப் பறந்த சோலோவில் தடுமாறாத கை அது. அன்றிரவு அப்பாவிடம் போனில் பேசும்போது இதைச் சொல்லவில்லை. கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். வீட்டுப் பத்திரம் இன்னொரு வங்கியில் இருக்கிறது.

இனி டைப் ரேட்டிங், அதாவது ஒரு குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டுவதற்கான தனித் தகுதி. 'டைப் ரேட்டிங் உள்ளவர்களுக்கு முன்னுரிமை' என்று உங்கள் அறிவிப்புகளில் பார்க்கிறோம். என்னிடம் பதினைந்து லட்சம் கேட்டார்கள். ஏர்பஸ் ஏ320-க்கு எடுத்தால் அதை வைத்து போயிங் 737 ஓட்ட முடியாது, ஏடிஆர் ஓட்ட முடியாது. யார் வேலை தருவார்கள் என்று தெரியாதபோது எந்த விமானத்துக்குப் பணம் கட்டுவது? 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றது. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நின்றது. இரண்டு முறையும் அனுபவமுள்ள பைலட்டுகளே வேலை தேடி வெளியே வந்தார்கள். கடன் வாங்கி அதே ரேட்டிங்கை எடுத்துவிட்டு 200 மணி நேரத்தோடு நின்றவரை அப்போது யார் திரும்பிப் பார்த்திருப்பார்கள்? இந்தக் குழப்பத்தில்தான் 'பணம் கட்டுங்க, சீட் உறுதி' என்று ஏஜென்டுகள் போன் செய்கிறார்கள். பயந்து கட்டிவிடுகிற குடும்பங்கள் இருக்கின்றன.

ஆகவே கேட்கிறேன்: முதலில் தேர்வு செய்யுங்கள், பிறகு டைப் ரேட்டிங்குக்கு அனுப்புங்கள். பணத்தைச் சம்பளத்தில் மாதா மாதம் பிடித்துக்கொள்ளுங்கள்; இத்தனை வருடம் வேலையை விட மாட்டேன் என்ற நியாயமான பாண்டில் கையெழுத்துப் போடவும் தயார். நீங்களே ஆள் எடுத்து ஆரம்பத்திலிருந்து பயிற்சி தரும் கேடட் திட்டங்களின் செலவு ஒரு கோடி ரூபாயைத் தாண்டுகிறது. அந்த வழியில் வர முடியாதவர்களுக்குத் திறந்த தேர்வில் இந்த வருடம் எத்தனை இடம், எந்த விமானத்துக்கு என்று வருடத் தொடக்கத்திலேயே அறிவியுங்கள். பத்து இடம்தான் என்றாலும் சரி, ஒன்றுமே இல்லை என்றாலும் சரி. ஒன்றுமில்லை என்று தெரிந்தால் இன்ஸ்ட்ரக்டர் பயிற்சிக்காவது ஒழுங்காகத் திட்டம் போடுவோம்.

எழுத்துத் தேர்வும் மனத்திறனைச் சோதிக்கும் சைக்கோமெட்ரிக் தேர்வும் எழுதிவிட்டு வந்தவர்களுக்கு முடிவையும் சொல்லி அனுப்புங்கள். நான் இரண்டு இடங்களில் எழுதினேன். ஒன்றிலிருந்து இன்றுவரை 'இல்லை' என்றுகூட வரவில்லை.

என் அடுத்த மெடிக்கல் ஜூலையில் வருகிறது. அதற்குப் பிறகு இன்ஸ்ட்ருமென்ட் செக். இரண்டுக்கும் பணம் எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
லாக்புக்கில் 207 மணி 40 நிமிடம் உள்ள பைலட் ஒருத்தி