இருக்கம் தீவு சிற்பக் காட்சிக்குத் தோள் கொடுத்த எல்லோருக்கும்

ஊர்ப் பெரியவர்களுக்கும், தாய்மார்களுக்கும், தம்பி தங்கைகளுக்கும், ஏரி தாண்டி எங்களைத் தேடி வந்த அத்தனை பேருக்கும் வணக்கம்.

தை மாதம் எங்கள் தீவில் நடந்த சிற்பக் காட்சி நல்லபடியாக முடிந்தது. கடைசிக் கல்லையும் படகேற்றி அனுப்பியாயிற்று. மேடையில் மைக் பிடித்து இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டுப் போகிற நன்றியாக இது இருக்கக் கூடாது என்று குழுவில் எல்லோருமே நினைத்தோம். அதனால்தான் இந்த மடல்.

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பழவேற்காடு ஏரிக்குள், ஆந்திர எல்லைக்குள் இருக்கிற தீவு இருக்கம். முன்பு நெல்லூர் மாவட்டம், 2022 முதல் திருப்பதி மாவட்டம். வீட்டில் பேசுவது தமிழ், ஆபீஸுக்குப் போனால் தெலுங்கு. தடாவில் இறங்கி, பீமுலவாரிபாளையம் துறையில் படகு பிடித்து வரவேண்டும். எங்கள் பக்கம் என்றாலே வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது இரண்டுதான்: 1971 முதல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்புகிற ராக்கெட், பனிக்காலத்தில் வந்து இறங்குகிற பூநாரை. இந்தத் தை மாதத்தில் வந்தவர்கள் எங்கள் தெருவுக்குள் நடந்தார்கள், வலை காயப்போடுகிற மேட்டில் நின்றார்கள், எங்கள் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். இப்படி நடந்து நாங்கள் பார்த்ததில்லை.

முதல் நன்றி படகுக்காரர்களுக்கு. நீங்கள் இல்லையென்றால் ஒரு சிற்பம்கூடத் தீவுக்கு வந்திருக்காது.

மாமல்லபுரத்தில் செதுக்கிய கற்கள் லாரியில் துறைவரை வந்துவிட்டன. அதற்கு மேல்தான் சிக்கல். வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு தையில் ஏரி நிறைந்துதான் இருக்கும். ஆனாலும் பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்தான். பாரம் ஏற்றிய படகு தரை தட்டி நின்றுவிடும். கோடை வரட்டும் என்று இருந்தால் சேறுதான் மிஞ்சும். பெரியப்பாமார்கள் கூடிப் பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இரண்டு படகுகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, குறுக்கே சவுக்குக் கம்பங்களைப் போட்டுக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள். மேலே பலகை, அதற்கு மேல் சாக்கு, நடுவில் கல். பாரம் இரண்டு படகிலும் பரவியதால் இரண்டுமே அதிகம் அமுங்கவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு, கோல் ஊன்றியே கொண்டுவந்தார்கள். ஆழம் குறைந்த இடத்தில் தண்ணீரில் குதித்து, தோளைக் கொடுத்துத் தள்ளினார்கள்.

கரையில் பனந்துண்டுகளை உருளையாகப் போட்டு, கடப்பாரையால் நெம்பிக் கல்லை நகர்த்தியபோது, சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு சிற்பி வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார். "மெரினா உழைப்பாளர் சிலை இதுதானே!" என்றார். ராய் சௌத்ரி செய்து, 1959 முதல் கடற்கரையில் நிற்கிற அந்தச் சிலையில் நான்கு பேர் ஒரு பாறையைப் பெயர்க்கிறார்கள். இங்கே ஒரு தெருவே சேர்ந்து தள்ளியது. அன்றைக்கு மாலையே அவர் உங்களைக் காகிதத்தில் வரைந்து கொடுத்தார். அந்தப் படங்கள் இப்போது உங்கள் வீட்டுச் சுவர்களில் இருப்பதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

படகு கொடுத்தவர்களில் பழவேற்காட்டுப் பக்கத்து அண்ணன் ஒருவரைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். அங்கே 'பாடு' என்று ஒரு முறை உண்டு. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். தன் முறையை விட்டால் அடுத்த முறை சுற்றி வரும்வரை அந்த இடம் கிடையாது. இறாலுக்கு நல்ல நேரத்தில் வந்த தன் பாட்டை அந்த அண்ணன் விட்டுக்கொடுத்துவிட்டு, எங்களுக்காகக் கல் ஏற்ற வந்தார். கூலிப் பேச்சை எடுத்ததற்கு, "டீசலுக்கு மட்டும் கொடு, போதும்பா" என்று முடித்துவிட்டார். அண்ணா, அன்றைக்கு உங்கள் வீட்டுக்கு வராமல் போன இறாலின் மதிப்பு எங்களுக்குத் தெரியும்.

அடுத்து வனத்துறை ஊழியர்கள். ஏரியின் ஆந்திரப் பகுதி 1976 முதல் பறவைகள் சரணாலயம். அனுமதி கொடுக்கும்போதே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்: சிமெண்ட் கூடாது, ராத்திரி விளக்கு கூடாது, ஒலிபெருக்கி கூடாது, ட்ரோன் கூடாது, முடிந்ததும் ஒரு ஆணிகூட மிச்சம் இருக்கக் கூடாது. ஆரம்பத்தில் எங்களில் சிலருக்கு இது ரொம்பக் கெடுபிடியாகத்தான் பட்டது. இப்போது யோசித்தால், இந்த நிபந்தனைகள்தான் காட்சியைக் காப்பாற்றின. சிமெண்டுக்குப் பதிலாக மணல் மூட்டைகளைக் குழியில் புதைத்து, அதில் கயிறு கட்டிச் சிற்பங்களை நிறுத்தினோம். காட்சி முடிந்ததும் மூட்டையைப் பிரித்து மணலைக் குழியிலேயே கொட்டினோம், வேலை முடிந்தது. ராத்திரி இருட்டாகவே இருந்ததால் பூநாரைகள் இடம் மாறவில்லை. காலையில் வந்தவர்கள் சிற்பத்தையும் பார்த்தார்கள், அதற்குப் பின்னால் தண்ணீரில் மேய்கிற கூட்டத்தையும் பார்த்தார்கள்.

பழைய வலைகளைக் கொண்டு செய்த சிற்பத்துக்கும் அவர்கள்தான் ஒரு விஷயம் சொன்னார்கள். நைலான் வலை விரிந்து கிடந்தால் பறவையின் கால் கண்ணியில் மாட்டிக்கொள்ளும். கண்ணியே வெளியில் தெரியாதபடி வலையைப் பல மடிப்பாக மடித்து, உள்ளே பனை நார் திணித்து, இறுக்கித் தைக்க வேண்டியிருந்தது. சிற்பி போட்ட முடிச்சு காற்றில் நழுவிக்கொண்டே இருந்தது. வலை பின்னுகிற தாத்தா ஒருவர் இதைக் கவனித்துவிட்டு, வலை ஊசியோடு வந்து உட்கார்ந்தார். கண் சரியாகத் தெரியாது, விரலால் தடவித் தடவியே முடிச்சுப் போட்டார். தையல் முழுக்க அவருடையது. அந்தச் சிற்பத்துக்குக் கீழே வைத்த பலகையில் சிற்பி தன் பெயருக்குப் பக்கத்திலேயே தாத்தாவின் பெயரையும் எழுதச் சொன்னார். சரியான காரியம் அது.

பனையோலை வேலைக்குப் பழவேற்காட்டிலிருந்து வந்த அக்காமார்களுக்கு நன்றி. சாயம் ஏற்றிய ஓலையில் கூடை முடைகிற அதே கையால், பிள்ளைகள் நான்கைந்து பேர் உள்ளே உட்காரும் அளவுக்கு ஒரு கூடு முடைந்து கொடுத்தார்கள். காட்சியிலேயே அதிகக் கூட்டம் அங்கேதான். சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கிக் கொடுத்த பையன்களுக்கும் நன்றி. முறுக்கிக்கொண்டு கிடந்த அந்த வேர்கள் நல்ல சிற்பமாயின, கூடவே கொஞ்ச நிலமும் சுத்தமாயிற்று. முள் குத்திய கை ஆறிவிட்டதா தம்பிகளா?

ஒரு ராத்திரி வாடைக்காற்று பலமாக அடித்து, இரும்புத் தகட்டுச் சிற்பம் சாய ஆரம்பித்துவிட்டது. கூப்பிடாமலேயே ஓடி வந்தவர்கள், டார்ச் வெளிச்சத்தைத் தரையைப் பார்க்கத் திருப்பிவைத்துக்கொண்டு, விடிகிறவரை மாறி மாறிக் கயிற்றைப் பிடித்திருந்தார்கள். காற்றிலேயும் அந்தக் கட்டுப்பாட்டை மறக்காத உங்களை நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

பலகைகளைத் தமிழிலும் தெலுங்கிலும் எழுதிக் கொடுத்த ஆசிரியருக்கும், வந்தவர்களின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு மொழியிலும் விளக்கிய பிள்ளைகளுக்கும் நன்றி. பிள்ளைகள் சொன்ன விளக்கத்தைக் கேட்டுவிட்டு, தான் நினைத்ததைவிட இது நன்றாக இருக்கிறது என்று ஒரு சிற்பி குறித்துக்கொண்டார். மடவைக் குழம்பும் நண்டு ரசமும் வைத்துப் போட்ட வீடுகளுக்குத் தனியாக என்ன சொல்வது, சாப்பிட்டவர்கள் இன்னும் போன் பண்ணிக் கேட்கிறார்கள்.

ஒரு ஆயாவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணின் கற்சிலையை அவர் வீட்டுக்கு எதிரில்தான் வைத்திருந்தோம். இரண்டாம் நாளே சிலைக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, செம்பருத்தி சாத்திவிட்டார். சிற்பியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டோம். "அவங்க இஷ்டம், யாரும் தடுக்காதீங்க" என்றார். கல்லை எடுக்கிற அன்று ஆயா மனம் வருந்துவாரோ என்று எங்களுக்கு ஒரே கவலை. ஆயாவே குடத்துத் தண்ணீரோடு வந்து, சிலையைக் கழுவித் துடைத்து, "போய்ட்டு வாம்மா" என்று தட்டிக்கொடுத்துவிட்டு, படகுவரை கூடவே நடந்து வந்தார். அப்புறம்தான் எங்களுக்கும் கல்லைத் தூக்க மனசு வந்தது.

பிரித்து எடுக்கிற வேலையைக் கொண்டுவருகிற வேலையைவிட வேகமாக முடித்துக் கொடுத்தீர்கள். ஓலைக்கூட்டைப் பள்ளிக்கே விட்டுவிட்டோம், பிள்ளைகள் கேட்டார்கள். வேர்கள் விறகுக்குப் போயின. வலையும் இரும்பும் சிற்பிகளோடு போயிற்று. வனத்துறைக்காரர்கள் நடந்து பார்த்துவிட்டுத் திருப்தி என்று கையெழுத்துப் போட்டார்கள்.

வரவு செலவுக் கணக்கைப் பஞ்சாயத்துப் பலகையில் ஒட்டியிருக்கிறோம், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு தார்ப்பாய், ஒரு பெரிய அண்டா, நைலான் கயிறு ஒரு கட்டு, நீல மூடி போட்ட தண்ணீர் கேன்கள் இன்னும் எங்களிடம் இருக்கின்றன. யாருடையது என்று சொன்னால் நாங்களே வீட்டில் கொண்டுவந்து தருகிறோம்.

அன்புடன்,
சிற்பக் காட்சிக் குழுவினர்,
இருக்கம் தீவு