சேசிஸ் பிரிண்ட் எடுக்கும் கையோடு: பழைய கார் வியாபாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

கடலூரிலும் புதுவையிலும் பழைய கார் வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கும், நடுவில் நின்று பேசி முடித்துவைக்கும் தரகர்களுக்கும்,

வணக்கம்.

உங்களில் பாதிப் பேருக்கு என் முகம் தெரியும். மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். வண்டியைப் பெயர் மாற்றும் 29, 30 படிவங்களை நிரப்பி, ஆதார் நகல் எடுத்து, “இங்க ஒண்ணு, பின்னாடி ஒண்ணு” என்று கையெழுத்து போட இடம் காட்டுவது பத்தொன்பது வருடமாக என் பிழைப்பு. அதனால் இதை வெளியாள் யாரோ எழுதிய வசை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நடந்ததில் என் கையும் இருக்கிறது. ஒரு வண்டியை விற்கும் முன், அதில் குறை இருக்கிறது என்று கம்பெனியே சரிசெய்யத் திரும்ப அழைத்திருக்கிறதா, அதாவது ‘ரீகால்’ பாக்கி இருக்கிறதா, என்று பார்க்கச் சொல்லத்தான் இந்த மடல்.

என் தங்கை மகன் புதுவையில் வேலை பார்க்கிறான், அரியாங்குப்பத்தில் வாடகை வீடு. இரண்டு வருடம் முன்பு ஒரு ஸ்போர்ட்ஸ் செடான் வாங்கினான். எந்தக் கம்பெனி, எந்தக் கடை என்பதெல்லாம் இங்கே வேண்டாம். இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல், பி.ஒய். 01 என்று தொடங்கும் புதுவை நம்பர், இவன் நான்காவது கை. புதிதில் முப்பது லட்சத்துக்கு மேல் விற்ற வண்டி ஒன்பது லட்சத்துக்கு வந்தது. அதில் ஒன்றரை லட்சம் என்னுடையது. தாய்மாமன் என்று ஒரு பட்டம் இருக்கிறதே. கடையில் டேஷ்போர்டுக்குப் பாலிஷ் போட்டு, பெண் பார்க்க வருகிற வீடு மாதிரி மினுக்கி வைத்திருந்தார்கள். டயர் பட்டன், ஸ்டெப்னி, இன்சூரன்ஸ், பைனான்ஸ் பாக்கி, போலீஸ் அபராதம் எல்லாம் பார்த்தோம். 2015 வெள்ளமும் 2024 ஃபெஞ்சல் மழையும் பார்த்த ஊர்க்காரர்கள் என்பதால் கார்ப்பெட்டுக்கு அடியில் சேறு இருக்கிறதா என்று முகர்ந்துகூடப் பார்த்தோம். எங்களைப் பெரிய கெட்டிக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டோம்.

பேப்பர் வேலையை நானே செய்தேன். அந்தக் காரில் சேசிஸ் எண், அதாவது வண்டியின் உடம்பிலேயே பொறித்த அடையாள எண், முன் இடப்பக்க சீட்டுக்கு அடியில், கார்ப்பெட்டில் வெட்டிவிட்ட ஒரு மடிப்புக்குள் இருந்தது. சீட்டைப் பின்னால் தள்ளி, மடிப்பைத் தூக்கி, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, பென்சில் தூளைத் தேய்த்து செல்லோ டேப்பை ஒட்டி உரித்தேன். 17 எழுத்தும் சுத்தமாக வந்தன. (ஐ, ஓ, க்யூ மூன்றும் சேசிஸ் எண்ணில் வராது, ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பும் என்பதால். கடைக்குப் புதிதாக வரும் பையன்களுக்கு நான் சொல்லித்தரும் முதல் பாடம் இது.) பிரிண்டைப் படிவத்தில் ஒட்டி அனுப்பிவிட்டேன். அந்த 17 எழுத்தை இன்னோர் இடத்திலும் தட்டிப் பார்க்கலாமே என்று எனக்குத் தோன்றவில்லை. விற்றவருக்கும் தோன்றவில்லை.

மூன்றாம் மாதம் ஏர்பேக் விளக்கு எரிந்தது. கடலூரில் தெரிந்த மெக்கானிக் ஸ்கேனரைச் சொருகி, “வெறும் லைட்டுதான், அழிச்சிட்டேன்” என்றார். முள்ளோடை தாண்டி கிருமாம்பாக்கம் போவதற்குள் திரும்ப எரிந்தது. வேறு வழியில்லாமல் கம்பெனி சர்வீசுக்குக் கொண்டுபோனான். அங்கே இருந்த பெண் சேசிஸ் எண்ணைத் தட்டிவிட்டுத் திரையை அவன் பக்கம் திருப்பினார்.

“ரெண்டு ரீகால் பாக்கி இருக்கு சார். ஏர்பேக் ஒண்ணு, ஃப்யூயல் பம்ப் ஒண்ணு. ஏர்பேக்குக்கு நாலு வருஷமா லெட்டர் போயிட்டிருக்கே, வரலையா?”

விளக்கு எரிந்ததற்கும் ரீகாலுக்கும் சம்பந்தமே இல்லை என்பதுதான் இதில் கூத்து. சீட்டுக்கு அடியில் ஒரு கனெக்டர் தளர்ந்திருந்தது; பிரிண்ட் எடுக்கச் சீட்டைத் தள்ளியபோது இழுபட்டிருக்கலாம் என்றார்கள். தள்ளியவன் நான். ரீகால் ஆன ஏர்பேக் எந்த விளக்கையும் காட்டவில்லை, நல்ல பிள்ளையாக டேஷ்போர்டுக்குள் உட்கார்ந்திருந்தது. என் கை படாமல் இருந்திருந்தால் அந்த வண்டி சர்வீசுக்கே போயிருக்காது.

உதிரி வர மூன்று வாரம் ஆகும், அதுவரை முன் இடப்பக்கம் யாரையும் உட்காரவைக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த சீட் என் தங்கையின் சீட். பிரதோஷத்துக்குப் பிரதோஷம் மகன் வந்து பாடலீஸ்வரர் கோயிலுக்கு அழைத்துப் போவான். அவள் குள்ளம், வெளியே தெரியவில்லை என்று சீட்டை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, டேஷ்போர்டில் ஒரு கையை ஊன்றியபடி வருவாள். மூன்று மாதமும் அப்படித்தான் வந்திருக்கிறாள்.

சரி, அந்த லெட்டர்கள் எங்கே போயின? கம்பெனி ரெக்கார்டில் இருந்த முதல் ஓனரின் முகவரிக்கு. லாஸ்பேட்டையில் ஒரு மாடி வீடு. பையன் தேடிக்கொண்டு போனான். அந்தப் பெயரில் இங்கே யாரும் குடியிருந்ததே இல்லை என்றார் வீட்டுக்காரர். உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புதுவையில் சாலை வரி குறைவு, அதற்காக வெளியூர்க்காரர்கள் இங்கே ஒரு முகவரியைக் காட்டி விலை உயர்ந்த கார்களைப் பதிவு செய்தார்கள். 2017-ல் கேரளத்தில் அது பெரிய சர்ச்சையாக வெடித்தது. அப்போது எல்லோரும் வரிப் பணத்தைப் பற்றித்தான் பேசினோம். ரீகால் லெட்டரும் அதே ஆளில்லாத கதவைத்தான் போய்த் தட்டும் என்று யாரும் யோசிக்கவில்லை. அப்புறம் வண்டி இரண்டு கை மாறும், மூன்று கை மாறும். ஆர்.சி.யில் பெயர் மாறுவது கம்பெனிக்கு எப்படித் தெரியும்?

ஏர்பேக் ரீகால் எல்லாம் ஒரு பெரிய விஷயமா என்று கேட்கிறவர்களுக்காக, உலகமே அறிந்த ஒரு கதையை மட்டும் சொல்கிறேன். எங்கள் வண்டியில் இருந்தது இதுதான் என்று சொல்ல வரவில்லை. ஜப்பானின் தகாட்டா கம்பெனி பல கார் கம்பெனிகளுக்கு ஏர்பேக் செய்து கொடுத்தது. பையை ஊதவைக்கும் உலோகக் குப்பிக்குள் அம்மோனியம் நைட்ரேட் வைத்திருந்தார்கள். வருடக்கணக்கில் வெக்கையும் காற்றின் ஈரமும் மாறி மாறிப் பட்டால் அது தன் கட்டுமானத்தை இழந்துவிடுகிறது. விபத்து நேரத்தில் அளவுக்கு மீறிய வேகத்தில் எரிந்து, குப்பியே வெடித்து, காப்பாற்ற வேண்டிய பைக்குள்ளிருந்து இரும்புச் சில்லுகள் முகத்திலும் கழுத்திலும் பாய்ந்தன. அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய 6 கோடியே 70 லட்சம் ஏர்பேக்குகளைத் திரும்ப அழைத்தார்கள். 2017-ல் தகாட்டா திவாலானது. எந்த ஊர்களுக்கு முதலில் மாற்றிக் கொடுத்தார்கள் தெரியுமா? ஃபுளோரிடா மாதிரி வெயிலும் கடல் ஈரமும் சேர்ந்த இடங்களுக்கு. தேவனாம்பட்டினத்தில் துணி காயப்போட்டவர்களுக்கு அந்த ஈரம் எப்படி என்று சொல்லவேண்டாம்.

கியரிலும் இதே கதை உண்டு. 2013 நவம்பரில் ஃபோக்ஸ்வேகன் குழுமம் டிஎஸ்ஜி என்ற ஏழு கியர் ஆட்டோமேட்டிக் பெட்டி வைத்த சுமார் 16 லட்சம் கார்களை உலகம் முழுக்கத் திரும்ப அழைத்து, செயற்கை ஆயிலை இறக்கிவிட்டு மினரல் ஆயில் ஊற்றியது. கியர் பெட்டியின் மின்இணைப்பில் கோளாறு வரலாம் என்றார்கள். எப்போது அதிகம் வருமாம்? வெப்பமும் ஈரப்பதமும் உள்ள ஊரில், நின்று நின்று நகரும் நெரிசலில். சாயங்காலம் ஆறு மணிக்கு அரியாங்குப்பம் பாலத்தைத் தாண்டியவர்களுக்கு இது நம்ம ஊரைப் பார்த்து எழுதியது போலவே இருக்கும்.

ஓனர்கள் சொல்லும் புகாரும் ரீகாலும் ஒன்றில்லை என்பது எனக்கும் தெரியும். ஆயில் குடிக்கிறது, முதல் கியரில் உதறுகிறது, சஸ்பென்ஷனில் சத்தம் என்பதெல்லாம் புகார். அதற்குச் செலவு நம்முடையது. அதற்காகத்தான் விலையில் பேரம் பேசுகிறோம். ரீகால் என்பது ‘தப்பு எங்களுடையது, கொண்டு வாருங்கள், சும்மா மாற்றித் தருகிறோம்’ என்று கம்பெனியே ஒத்துக்கொண்ட விஷயம். ஓனர் முதல் கையா நான்காம் கையா என்று பார்ப்பதில்லை. எங்களுக்கும் ஒரு ரூபாய் வாங்காமல்தான் இரண்டையும் செய்து கொடுத்தார்கள்.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, குறையுள்ள வண்டியைக் கட்டாயமாகத் திரும்ப அழைக்கவைக்கும் 110ஏ பிரிவைச் சேர்த்தார்கள், விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன, கம்பெனிக்கு 10 லட்சத்திலிருந்து 1 கோடி வரை அபராதமும் உண்டு. ஆனால் அந்தக் கட்டாயம் ஏழு வயதுக்குட்பட்ட வண்டிக்குத்தான். ஸ்போர்ட்ஸ் செடான் நம்மைப் போன்றவர்கள் வாங்குகிற விலைக்கு இறங்கி வருவதே ஏழெட்டு வயதுக்கு மேல். அதனால்தான் அதிகாரிகளுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். கை மாறும் நாளில் வண்டியும் சேசிஸ் எண்ணும் ஒன்றாக இருக்கிற இடம் உங்கள் கடைதான்.

கேட்பது ஒன்றே ஒன்று. பிரிண்ட் எடுக்கும் கையோடு அந்த 17 எழுத்தைக் கம்பெனியின் இணையதளத்தில் தட்டிப் பாருங்கள். பல கம்பெனிகள் இந்த வசதியை வைத்திருக்கின்றன. இல்லாவிட்டால் சர்வீசுக்கு ஒரு போன். வருகிற பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து ஆர்.சி. நகலோடு வாங்குகிறவர் கையில் கொடுங்கள். பாக்கி இருந்தால் முடித்துவிட்டு விற்றுவிடுங்கள், அல்லது பாக்கி என்று சொல்லி விற்றுவிடுங்கள். 2023 ஏப்ரலில் வந்த விதிப்படி அங்கீகாரம் பெற்ற வியாபாரியிடம் வண்டியை ஒப்படைத்துத் தகவல் கொடுத்துவிட்டால், விற்கும்வரை அவர்தான் சொந்தக்காரர். அந்த நாட்களில் வண்டியை ரோட்டில் எடுக்க உங்களுக்கு அனுமதி இருக்கிற சில காரணங்களில் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோவதும் ஒன்று.

‘பாக்கி’ என்று எழுதிய காகிதத்தைப் பார்த்தால் வந்த பார்ட்டி ஓடிவிடும் என்று ஒருவர் என்னிடம் நேரிலேயே சொன்னார். நியாயமான பயம்தான். ஏலத்தில் எடுத்த வண்டி, வட்டி ஓடுகிறது, உதிரிக்காக மூன்று வாரம் காத்திருக்க முடியாது. ஆனால் பைசா செலவில்லாத வேலை என்று அதே காகிதத்தில் இருக்கும். டயர் மொட்டையாக இருப்பதைச் சொல்லி விற்கிறோம், அதற்குப் பார்ட்டி ஓடுவதில்லை. எங்களுக்கு விற்றவரிடம் போய்க் கேட்டபோது, “ரீகாலா? அது கம்பெனி சமாச்சாரம் சார், நாங்க வண்டிதான் விக்கிறோம்” என்றார். ஏமாற்றுகிற குரலாக இல்லை. அவருக்கு உண்மையிலேயே அப்படி ஒரு விஷயம் இருப்பதே தெரியவில்லை. பத்தொன்பது வருடம் சேசிஸ் நம்பரோடு குடித்தனம் நடத்திய எனக்கே தெரியவில்லையே.

இப்போது என் கடையில் பேப்பர் வேலைக்கு வருகிற ஒவ்வொரு காருக்கும் தட்டிப் பார்க்கிறேன். இணையம் பழக்கமில்லாதவர்கள் சேசிஸ் பிரிண்டை மட்டும் கொடுத்தனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். அதற்குக் காசு வேண்டாம். பக்கத்தைப் பிரிண்ட் எடுத்தால் மட்டும் வழக்கம்போல் இரண்டு ரூபாய்.

இப்படிக்கு,
மஞ்சக்குப்பம் ஜெராக்ஸ் கடைக்காரன்