மெல்லோன் நம் வீட்டுப் பிள்ளை அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஆங்கில நாவல்களில் வரும் எல்ஃபுகள் என்ற கற்பனை இனத்தாரின் மொழியில் நண்பனைக் குறிக்கும் 'மெல்லோன்', நம் 'மெல்' என்ற வேரில் பிறந்ததுதான் என்று சென்ற வாரம் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். மென்மையான மனம் உள்ளவன் மெல்லோன், அவன்தானே நண்பன் என்பது அவர் வாதம். கேட்கச் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படி இல்லை.

அந்த மொழியின் பெயர் சிந்தாரின். உருவாக்கியவர் அந்த நாவல்களை எழுதிய ஆக்ஸ்ஃபர்டு பேராசிரியர் டோல்கீன். அதன் ஒலியமைப்புக்கு வேல்ஷ் மொழியை முன்மாதிரியாகக் கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். மெல்லோனுக்கு அவர் வைத்த வேரும் 'மெல்'தான். ஆனால் பொருள் மென்மை அல்ல, அன்பு. குவென்யா என்ற இன்னொரு எல்ஃபு மொழியில் 'மெல்டா' என்றால் அன்புக்குரிய. எல்ஃபுகளின் நண்பன் என்று சேர்த்துச் சொன்னால் 'எல்வெல்லோன்'. மகரம் வகரமாகிவிடும், நம் பல்லும் பொடியும் சேர்ந்தால் பற்பொடி ஆவதுபோல. நாமும் 'நள்' என்ற வேரிலிருந்துதானே நட்பையும் நண்பனையும் எடுத்தோம்? ஒற்றுமை தேடுவதானால் இங்கே தேடலாம். கடை மலாயில் 'கெடாய்' ஆனதும் கப்பல் 'காப்பால்' ஆனதும் வேறு கதை. அங்கே வணிகர்கள் போய்வந்தார்கள். சிந்தாரினுக்கு யார் கப்பல் விட்டது?

அப்புறம் அந்தக் கதவு. 1954ல் வெளிவந்த அவருடைய நாவலில், குள்ளர்களின் பழைய சுரங்க நகரமான மோரியாவின் வாசலில் 'பெடோ மெல்லோன் ஆ மின்னோ' என்று பொறித்திருக்கும். 'நண்பா, சொல்லிவிட்டு உள்ளே வா' என்று அதைப் படித்த மந்திரவாதி கேண்டால்ஃப், தெரிந்த மந்திரங்களை எல்லாம் சொல்லி ஓய்ந்துபோகிறார். 'நண்பன் என்று சொல், உள்ளே வா' என்பதே அதன் பொருள். கடவுச்சொல் கதவிலேயே இருந்திருக்கிறது!

தமிழில் இந்தப் புதிர் நிற்காது என்று நினைத்திருந்தேன். கூப்பிட்டால் நண்பா, சொன்னால் நண்பன், வேற்றுமை காட்டிக்கொடுத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து என் மகனிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். உயர்நிலை இரண்டில் படிக்கிறான். கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னான்: "'தம்பி சொல்லு, உள்ள வா'ன்னு எழுதுங்கப்பா. ரெண்டுக்கும் ஒரே சொல்தானே?"

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்
தோ பாயோ