மாடித் தோட்டக் குழு: செயலாளரின் ஆண்டறிக்கை, 2023–24

தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், உடன் வந்திருக்கும் வீட்டாருக்கும் வணக்கம்.

போன ஆண்டு வானம் நம் பக்கம் இல்லை. 1901 முதல் உள்ள பதிவுகளில், நாடு முழுவதும் மழை மிகக் குறைந்த ஆகஸ்ட் 2023-இல் வந்ததுதான். பெங்களூரில் ஆடி என்றால் சாரலும் மேகமூட்டமுமாக இருக்கும், நாற்றுக்கு நிழல் கட்டக்கூட வேண்டியிருக்காது. ஆடிப்பட்டம் தேடி விதைத்த பலர் ஆவணியில் வாளியோடு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் 2024 மார்ச்சில் குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்றக் கூடாது, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியத்தின் உத்தரவு வந்தது. தொட்டிகளை எல்லாம் கவிழ்த்து வைத்துவிடலாமா என்று அந்த மாதக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். வேண்டாம் என்று முடிவானது. அரிசி, காய்கறி கழுவிய தண்ணீர் எதற்கும் ஊற்றலாம். ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் தண்ணீரில் உப்பு கூடுதல், நாற்றுக்கு ஆகவே ஆகாது. அடுக்குமாடிகளில் சுத்திகரித்துத் தரும் தண்ணீரைப் பூச்செடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கீரைக்கு விட வேண்டாம்.

ஆண்டின் முக்கிய நிகழ்ச்சி, அல்சூரில் ஓர் உறுப்பினர் வீட்டு மாடியில் நடந்த விதைப்புப் பயிற்சி. நர்சரியில் நாற்று வாங்கியே பழகியவர்கள்தான் அதிகம் வந்திருந்தார்கள். தக்காளி, கத்தரி, மிளகாய், செண்டுமல்லி ஆகியவற்றை நாற்றுவிட்டு நடலாம். முள்ளங்கி, கேரட், வெண்டை, பீன்ஸ் ஆகியவற்றை இருக்க வேண்டிய இடத்திலேயே ஊன்ற வேண்டும். பிடுங்கி நட்ட முள்ளங்கி கவைத்துக்கொண்டு நிற்கும். கொத்தமல்லியை இரண்டாக உடைத்துப் போடுவதும், வெண்டையை ஒரு இரவு ஊறவைப்பதும் எல்லார் வீட்டுப் பாட்டிக்கும் தெரிந்தவை. பெட்டூனியாவில்தான் பலர் தடுமாறினார்கள். அதன் விதை தூசி மாதிரி இருக்கும். முளைக்க வெளிச்சமும் வேண்டும். மணலோடு கலந்து தூவி, உள்ளங்கையால் லேசாக அழுத்தி விட்டுவிட வேண்டும், மேலே மண் போடக் கூடாது. பூவாளி எடுத்தால் விதை ஒரு மூலைக்கு ஓடிவிடும். தட்டில் தண்ணீர் வைத்து, அடியிலிருந்து ஈரம் ஏற விட வேண்டும்.

முளைத்த ஒரு வாரத்தில் நாற்று தரையோடு மெலிந்து சாய்வதாக நிறையப் பேர் சொன்னார்கள். அது நாற்றழுகல், பூஞ்சை வேலை. காற்றோட்டம் இல்லாமல் நெருக்கமாக விதைத்து, பாசத்தில் தினமும் தண்ணீர் ஊற்றினால் வரும். விதையோடு டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து போடலாம். அதைவிட முக்கியம், மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் காட்டுவது.

லால்பாக் மலர்க் கண்காட்சிக்கு இரண்டு முறையும் சேர்ந்து போனோம். ஆகஸ்டில் பூக்களால் செய்த விதான சௌதா, ஜனவரியில் பசவண்ணர். கூட்டம் தாங்கவில்லை. அடுத்த முறை வார நாளில் போகலாம்.

இனி விதைப் பெட்டி விஷயம். இதை மட்டும் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். ஒரு கரண்டி எடுத்தவர் அறுவடைக்குப் பின் இரண்டு கரண்டி திருப்பித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. எடுக்கும் கைகள் நிறைய இருக்கின்றன. திரும்பி வந்தவற்றிலும் சிலவற்றை நம்பி விதைக்க முடியவில்லை. ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்‌ஷக் தக்காளியை ஓர் உறுப்பினர் அருமையாக விளைவித்து விதை எடுத்துக் கொடுத்தார். அதிலிருந்து வந்த செடிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். அவர் மேல் குறையில்லை. அது வீரிய ஒட்டு ரகம், அடுத்த தலைமுறை தாயைப் போல வராது. அதே நிறுவனத்தின் அர்கா விகாஸ் தக்காளியிலும் அர்கா அனாமிகா வெண்டையிலும் அந்தத் தொல்லை இல்லை. பொட்டலத்தின் முன்பக்கப் படத்தில் மயங்காமல், பின்பக்கம் ரகமும் காலாவதித் தேதியும் பாருங்கள்.

தக்காளி விதையைச் சதையோடு தண்ணீரில் இரண்டு மூன்று நாள் புளிக்கவிட வேண்டும். மேலே ஆடை கட்டும், நாறவும் செய்யும், வீட்டில் சத்தம் வரும், சரி. விதையைச் சுற்றிய வழவழப்பு கரைந்து, நல்ல விதை அடியில் தங்கும். கழுவி, காகிதத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் தட்டில் நிழலில் உலர்த்துங்கள்.

சுரை, பரங்கி, பீர்க்கு விதைகளை இனி அப்படியே வாங்கிக்கொள்வதில்லை என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. தேனீக்கு நம் மாடியும் ஒன்றுதான், பக்கத்து மாடியும் ஒன்றுதான், மகரந்தம் கலந்துவிடும். மறுநாள் விரியப்போகும் பரங்கியின் ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் முந்தின மாலையே நுனியில் நூலால் கட்டி வையுங்கள். விடிந்ததும் அவிழ்த்து, ஆண் பூவின் இதழைக் கிள்ளிவிட்டு மகரந்தத்தைப் பெண் பூவில் தடவி, மறுபடி கட்டிவிட வேண்டும். சுரைப்பூ அந்தியில் மலரும், அதற்கு வேலை சாயங்காலம். அப்படி எடுத்த விதை என்று சீட்டு ஒட்டி வந்தால் ஏற்போம். இன்னொன்று: கலப்பு விதையிலிருந்து வந்த சுரைக்காய் கசந்தால் சமைக்காதீர்கள். அந்தக் கசப்பு விஷம். வீணாகிறதே என்று சாப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம்.

வெங்காய விதை ஓராண்டு தாண்டினால் பெரும்பாலும் முளைக்காது. எனவே பெட்டியில் இருக்கும் பழைய வெங்காய விதையைக் கழித்துவிடுகிறோம். தக்காளியும் கத்தரியும் நான்கைந்து ஆண்டு தாங்கும் என்பதால் இருக்கட்டும்.

வரும் ஆண்டுக்கு இரண்டு கோரிக்கைகள். அவரைக்காளு, அதாவது மொச்சைக்கொட்டை, இந்த ஊரின் அடையாளம், நம் பெட்டியில் ஒரு பிடிகூட இல்லை. நாட்டு அவரை, மொச்சை வைத்திருப்பவர்கள் மார்கழி, தையில் காய்க்கும்போது முதல் காய்களைச் சமையலுக்குப் பறிக்காமல் கொடியிலேயே முற்றவிடுங்கள். அடுத்து, பெட்டியைப் பார்த்துக்கொள்ள ஒருவர் முன்வர வேண்டும். வீட்டில் ஃபிரிட்ஜில் ஓர் அடுக்கு ஒதுக்கக்கூடியவராக இருந்தால் நல்லது, வீட்டம்மாவின் சம்மதத்தோடு.

சந்தா பாக்கி உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் பொருளாளர் அம்மாவைப் பார்க்கவும். வரவு செலவுக் கணக்கை வாசிக்க அவரை அழைக்கிறேன்.