மத்தளம் கேட்காத கூத்து

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் மச்சான்,

நலம், நலமறிய ஆவல். நான் அனுப்பிய கூத்து வீடியோவை ரீவியில் போட்டால் ஆட்கள் ஆடுகிறார்கள், மத்தளமும் இல்லை பாட்டும் இல்லை என்று எழுதியிருந்தாய். மத்தளம் இல்லாத வடமோடிக் கூத்தை யார் பார்க்கிறது! ஃபைலில் பழுது ஒன்றும் இல்லை, கமராக்காரப் பொடியனை ஏசாதே.

பெயருக்குப் பின்னால் எம்பி4 என்று இருக்கிறதே, அது வெறும் உறை. உள்ளே படம் ஒரு விதமாகவும் ஒலி வேறு விதமாகவும் இருக்கும். கோடெக் என்று சொல்வது அந்த உள்விஷயத்தை எழுதுகிற முறையைத்தான். பொடியனின் கமரா படத்தை எச்.264 என்ற கோடெக்கில் எழுதுகிறது. அது 2003இல் வந்தது, இப்போது அதை ஓட்டாத ரீவியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒலியை மட்டும் சுருக்காமல் பிசிஎம்மாகவே அதே உறைக்குள் போட்டு வைக்கிறது. எம்பி4 என்றால் உள்ளே ஏஏசி என்ற சுருக்கிய ஒலிதான் இருக்கும் என்று நினைக்கிற ரீவிகள் ஏராளம். உன்னுடையதும் அந்தச் சாதிதான் போல.

கொம்பியூட்டரில் விஎல்சி பிளேயரில் நன்றாக ஓடுகிறதே என்று கேட்டாய். விஎல்சி தனக்கு வேண்டிய கோடெக்குகளைத் தன்னோடேயே கொண்டு வருகிறது, விண்டோஸிடம் கைநீட்டுவதில்லை. பாரிஸில் மாணவர்கள் 1996இல் தொடங்கிய வேலை அது. ரீவி பாவம், உள்ளே இருக்கிற சிப்பும் கொம்பனி காசு கட்டி எடுத்த உரிமமும் விட்ட வழிதான் அதற்கு. 2013இல் வந்த எச்.265 கோடெக் இன்னும் சில இடங்களில் இடறுவதும் இந்த உரிமச் சிக்கலால்தான். ஒன்றுக்கு மேற்பட்ட காப்புரிமைக்காரர் கூட்டங்கள் தனித்தனியே பணம் கேட்கின்றன. அதற்கு மாற்றாகத்தான் கூகுள், நெட்ஃபிளிக்ஸ், மொசில்லா எல்லாம் சேர்ந்து 2018இல் கட்டணமில்லாத ஏவி1 கோடெக்கை வெளியிட்டன. நல்ல காரியம், ஆனால் உன் பழைய ரீவிக்குப் பிரயோசனம் இல்லை.

தயவுசெய்து கடையில் கொடுத்து கன்வேர்ட் பண்ணாதே. அவர்கள் படத்தையும் சேர்த்துத் திரும்பச் சுருக்குவார்கள். விடிய விடிய ஆடிய கூத்து, மணிக்கணக்காய் இழுக்கும். கடைசியில் கிரீடத்து மினுக்கமெல்லாம் கட்டம் கட்டமாய்த் தெரியும். நான் எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில் படத்தை அப்படியே பிரதி எடுக்க விட்டு, ஒலியை மட்டும் ஏஏசி ஆக்கினேன். ஒரு தேத்தண்ணி குடித்து முடிய வேலையும் முடிந்தது. சதங்கைச் சத்தம்கூடத் தெளிவாய் விழுகிறது. கமராவிலிருந்து வந்த மூல ஃபைல் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

இன்னொன்று, உன் பென் டிரைவ் எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் பண்ணியது என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைலை ஏற்காது. அந்த வரம்பு இல்லாத எக்ஸ்ஃபாட் முறையை உன் ரீவி வாசிக்குமா என்று பார். இல்லையென்றால் சொல்லு, துண்டு துண்டாய் வெட்டி அனுப்புகிறேன்.

கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் சுகமாக இருக்கிறார், உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். வைகாசிச் சடங்குக்கு வருகிறாய்தானே? ரிக்கட் போட்டதும் அறிவி.

அன்புடன்,
உன் மச்சான்