படிக்கட்டு ரேக்ல இருக்கற நாவல்களை லிஃப்ட் நிக்கற தளத்துக்கு மாத்தக் கோரி மனு

பெறுநர்: பொது நூலகத் துறை இயக்குநர் அவர்கள்

ஐயா வணக்கம்,

போன வாரம் புது நூலகத்துக்கு அம்மாவோட போயிருந்தேன். உள்ள நுழைஞ்சதும் ரெண்டு பேரும் அப்படியே நின்னுட்டோம், உச்சி வரைக்கும் கண்ணாடி, நடுவுல தூணே இல்லாத ஹால், படி ஏற ஏற ரெண்டு பக்கமும் புத்தகம், பொய் சொல்லக்கூடாது, அவ்ளோ அழகு (நானும் நாலு செல்ஃபி எடுத்தேன்).

நாவல் தேடினப்பதான் சிக்கல். அதெல்லாம் அந்தப் படிக்கட்டு அடுக்குலதான் இருக்கு, அடுக்கு ரெண்டு மாடிக்கு நடுவுல வர்றதால லிஃப்ட் அங்க நிக்காது. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆனதால கீழ உக்கார வெச்சிட்டு, நான் மேல போய் ஒவ்வொரு அட்டையா போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பி இது வேணுமா அது வேணுமான்னு கேட்டுட்டு இருந்தேன், கூப்பிட்டா கேக்கற தூரத்துல இருக்கறவங்களுக்கு! கவுன்டர்ல "பேர் சொல்லுங்க, எடுத்துத் தர்றோம்"னாங்க, அன்பாத்தான் சொன்னாங்க, ஆனா எது வேணும்னு தெரிஞ்சுகிட்டா ரேக் முன்னாடி போய் நிக்கறோம்?

நியூயார்க்ல ஸ்டீவன் ஹால் டிசைன் பண்ணி 2019ல திறந்த ஹன்டர்ஸ் பாயின்ட் நூலகத்துலயும் இதே கதைதான், கதைப் புத்தக அடுக்குக்கு படி ஏறித்தான் போகணும்னு இருந்து, கேஸ் வரைக்கும் போச்சு, அந்தப் புத்தகங்களையும் வேற இடத்துக்கு மாத்தினாங்க. சீனாவுல 2017ல திறந்த தியான்ஜின் பின்ஹாய் நூலகத்துல மேல் அடுக்குல இருக்கறது புத்தகமே இல்ல, தகட்டுல அச்சடிச்ச படம், அதுக்கு இது தேவலாம். ஆனா அமெரிக்காவுல சியாட்டில் நகர மத்திய நூலகத்துல 2004லயே நாலு மாடி உயரத்துக்கு சரிவுப் பாதையா ரேக் போட்டுட்டாங்க, புத்தக எண் வரிசை அறுபடாம வீல்சேர்லயே அந்த ரேக் எல்லாத்தையும் பாத்துட்டு வரலாம், அந்தக் கட்டிடமும் ஒண்ணும் அழகுல குறைஞ்சது இல்ல.

எதையும் இடிக்கச் சொல்லல ஐயா. நாவல்களை லிஃப்ட் நிக்கற தளத்துக்குக் கொண்டு வாங்க, அடுக்கு காலியா தெரியுமேன்னா ரெண்டு காப்பி இருக்கற புத்தகத்துல ஒண்ணை அங்க வைங்க. அப்புறம் படியும் தரையும் ஒரே வெள்ளையா இருக்கறதால விளிம்பே தெரியல, கலர் பட்டை ஒட்டினா போதும், இதுக்கு டெண்டர் எல்லாம் வேண்டாம்.

எடுத்த புத்தகத்தைத் திருப்பிக் குடுக்க 14 நாள்ல மறுபடி வருவோம், அதுக்குள்ள பட்டையாவது ஒட்டிடுங்க.

இப்படிக்கு,
நூலக உறுப்பினர் ஒருவர்