‘இப்போ வேண்டாம்’ என்று சொன்னவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

மார்பகப் புற்றுநோய் அறுவை முடிந்து வார்டுக்கு வரும் பெண்களுக்கு மூச்சுப் பயிற்சியும் எளிய ஆசனங்களும் சொல்லித்தரும் தன்னார்வலர்கள் நாங்கள். குணமாகி வீட்டுக்குப் போகிறவர்கள் எங்கள் கையைப் பிடித்து நன்றி சொல்கிறார்கள். அதில் பெரும்பங்கு வேறு சிலருக்குச் சேரவேண்டியது. எதைச் செய்யலாம் என்பதைவிட எதை இப்போது செய்யக்கூடாது என்று எங்களுக்குச் சொன்னவர்கள் அவர்கள்.

முதல் வணக்கம் வார்டு சிஸ்டர்களுக்கு. அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்த இடத்தில் ஊறும் நீர், ட்ரெயின் குழாய் வழியாக டப்பாவில் சேர்கிறது. அதை அளந்து கேஸ் ஷீட்டில் எழுதிவைப்பவர்கள் நீங்கள். அந்த எண்ணைப் பார்த்துத்தான் அன்றைய வகுப்பே நடக்கிறது. 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே இறங்கினால் குழாயை எடுப்பது பல இடங்களில் வழக்கம். அதுவரை கை தோள் மட்டத்தைத் தாண்டக்கூடாது. ஆர்வத்தில் முதல் நாளே கையைத் தலைக்கு மேல் தூக்கினால், உள்ளே ஒட்டவேண்டிய தோல் ஒட்டாமல் நகரும், கசிவு கூடும், குழாயை எடுத்த பிறகும் நீர் கோத்துக்கொள்ளும். ஆகவே அந்த நாட்களில் விரல்களை மடக்கி விரிப்பது, மணிக்கட்டைச் சுழற்றுவது, முழங்கையை மடக்கி நீட்டுவது, தோளை மெல்லத் தூக்கி இறக்குவது, இவ்வளவுதான். ஒவ்வொன்றும் 5 முதல் 10 தடவை, மூன்று வேளை. ‘இதுவா யோகா?’ என்று பக்கத்து படுக்கைக்காரர் கேட்கத்தான் செய்வார்.

மயக்க மருந்து டாக்டர்கள் சொல்லித்தந்த விஷயம் ஆழ்ந்த மூச்சின் அவசியம். வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விட்டால் நுரையீரலின் அடிப்பகுதி விரியாமல் சளி தங்கும். அதனால் விழித்திருக்கும்போது மணிக்கு ஒருமுறை பத்து ஆழ்ந்த மூச்சு. இதைத் தள்ளிப்போட முடியாது. நிதானமான பயிற்சி தனி: கட்டிலின் தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி, முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை, அறுவை நடந்த பக்கத்துக் கைக்கு அடியில் இன்னொன்று. மறு கையை வயிற்றில் வைத்து, மூக்கு வழியாக 4 எண்ணும் வரை உள்ளே, 6 எண்ணும் வரை வெளியே. நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். ஐந்து நிமிடம் போதும். எண்ணிக்கை எட்டாதவர்களுக்கு 3, 4 என்று தொடங்கலாம். அடக்கிவைப்பது கிடையாது.

சொன்னதைச் சரியாகச் செய்யவேண்டும் என்ற அக்கறையில் சிலர் பெரிது பெரிதாக மூச்சை இழுப்பார்கள். ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போகும். இதயத்துக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துவிடுவார்கள். எண்ணுவதை விட்டுவிட்டு இயல்பாக மூச்சுவிட்டால் சில நிமிடங்களில் தெளியும். தெளியாவிட்டால், அல்லது நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இருந்தால், உடனே சிஸ்டரைக் கூப்பிட வேண்டும். இன்னொரு கோளாறு, வயிற்றுக்குப் பதில் தோள் ஏறி இறங்குவது. கழுத்து இறுகி, தையல் இழுக்கும்.

கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேக மூச்சுப் பயிற்சிகள் கூடாது என்று அறுவை மருத்துவர்கள் கண்டிப்பாகச் சொன்னீர்கள். வெட்டி வெட்டி விடும் மூச்சு காயத்தை உலுக்கும். வயிற்றுச் சதையை எடுத்து மார்பைச் சீரமைத்தவர்களுக்கு அங்கேயும் தையல் உண்டே. வருடக்கணக்காக வீட்டில் யோகா செய்து பழகியவர்களைத்தான் இதிலிருந்து தடுத்துவைப்பது கஷ்டம்! அறுவைக்கு முன்பே நோயாளிகளை எங்களிடம் அனுப்பும் மருத்துவர்களுக்குத் தனி நன்றி. வலி வருவதற்கு முன்னால் கற்ற மூச்சுதான் வலியின்போது கைகொடுக்கிறது. பெங்களூரு ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்விலும் பயிற்சி அறுவைக்கு முன்பே தொடங்கியது. யோகா செய்த பெண்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். ட்ரெயினை எடுத்ததும் தையலைப் பிரித்ததும் முன்னதாகவே நடந்தன. யோகா கட்டியைக் கரைக்கும் என்று அதில் எங்கும் இல்லை. அப்படிச் சொல்லி யாராவது கீமோவை நிறுத்தச் சொன்னால் அவர் வாசலை மிதிக்காதீர்கள்.

பிசியோதெரபிஸ்ட்டுகளுக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. குழாய் போன பிறகு சுவரில் விரல்களால் ஏறுவதும், எட்டிய உயரத்தில் பென்சிலால் கோடு போட்டு வைப்பதும் உங்கள் முறை. அக்குளிலிருந்து முழங்கை வரை கயிறு போல விறைத்து இழுத்தால் வலிந்து நீட்டாமல் உங்களிடம் அனுப்ப வேண்டும் என்பதும், வளையலோ மோதிரமோ இறுகினால் கைவீக்கத்தின் தொடக்கமாக இருக்கலாம் என்பதும் நீங்கள் சொல்லித்தான் தெரியும். உடல் எடையை அறுவை நடந்த பக்கத்துக் கையில் தாங்கும் அதோமுக சுவானாசனம் போன்றவற்றை உங்கள் அனுமதி வரும்வரை தொடுவதில்லை. அதற்காகத் தோளை அப்படியே விட்டுவிடவும் முடியாது. கதிர்வீச்சு மேசையில் கையைத் தலைக்கு மேல் வைத்தபடி அசையாமல் படுக்கவேண்டுமே.

இரவில் தலையணையைச் சரிசெய்துவிடும் அம்மாக்கள், மகள்கள், கணவர்மார், பயிற்சி நேரத்தில் மின்விசிறியைக் குறைத்து ஜன்னலைத் திறந்துவிடும் ஆயாம்மாக்கள், எல்லோருக்கும் எங்கள் வணக்கம்.

கடைசியாக, கூலி வாங்காமல் அக்குள் தலையணைகள் தைத்துத்தந்த தையற்காரர்களுக்கு. கைக்கும் விலாவுக்கும் நடுவே அதை வைத்துக்கொண்டால் தையலில் உரசல் இல்லை. இருமும்போது நெஞ்சோடு அணைத்துக்கொள்ளலாம். அடுத்த முறை கழற்றித் துவைக்கிற மாதிரி பருத்தி உறையாகத் தாருங்கள். பஞ்சை இன்னும் கொஞ்சம் குறைத்தால் நல்லது. உப்பலாக இருந்தால் கை அகண்டு நின்று தோள் வலிக்கிறது.

நன்றியுடன்,
மூச்சுப் பயிற்சித் தன்னார்வலர்கள்